பியற்றிஸ் படித்த லெவல் த்ரீ

சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரி கொடுத்த இரண்டாவது திகதியையும் பியற்றிஸ் தானே தொலைபேசி எடுத்து வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அப்போது கோஃபி அவளுடைய இடுப்பில் இருந்தான். பதினொரு மாதக் குழந்தை. பல் முளைக்கிற தினவில் அவளுடைய தோளைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் பேசிய பெண், பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டு இப்படித் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்றும், மூன்றாம் முறையும் மறுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட நேரும் என்றும் சொன்னாள். பியற்றிஸ் எல்லாவற்றையும் கேட்டு, நன்றி சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு குழைக்கப் போனாள்.

லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் அவளுக்கு வீடுதான் வேலைத்தலம். காலை ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தால் மாலை ஆறரைக்குத்தான் சாத்துவாள். முன்னறையில் மூன்று பிள்ளைகள். கோஃபியின் தாய்க்கு முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை. இரண்டு வயது சோஃபியாவின் தகப்பன் பஸ் ஓட்டுகிறவர். அகரனுக்கும் இரண்டு வயது, ரஞ்சனாவின் மகன். ரஞ்சனா மதுரைக்காரி, வங்கியொன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பியற்றிஸ் இரண்டு கிழமை படுத்தால் மூன்று வீடுகளும் சேர்ந்து படுத்துவிடும். வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பார்க்கும் சைல்ட்மைண்டராகப் பதிந்த ஆறு வருடத்தில் உடம்புக்கு வருத்தமென்று ஒரு நாளும் அவள் கதவைச் சாத்தியதில்லை. ஒரு காலத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், சாப்பிட்ட கையோடு வலது விலாவுக்குக் கீழே குத்து வரத் தொடங்கிய பிறகு, சொல்வதை விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் இருக்கும். அந்தப் பக்கத்துச் சைல்ட்மைண்டர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளைகளோடு வருவார்கள். தவமலரும் வருவாள். அவள் பியற்றிஸைவிடப் பத்து வயது இளையவள். அன்று பியற்றிஸின் முகத்தைப் பார்த்ததுமே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக்கா, திருப்பியும் குத்துதோ?"

"குத்தட்டும். வந்த திகதியையும் வேண்டாமெண்டிட்டன்."

"உங்களுக்கென்ன விசரோ? நான் போன வருசம் பத்து நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். என்ரை பிள்ளையளை நெட்வேர்க்கிலை இருக்கிற ரெண்டு பேர் பிரிச்சுப் பாத்தவை. ஒரு தாயும் வேலைக்கு லீவு போடேல்லை."

"அப்ப என்ரை மூண்டு பேரையும் நீர் பாருமன்."

"எனக்கு விருப்பந்தான். ஆனா வெளியிலை இருக்கிற ஆக்களுக்கு மாத்தாளா நிக்க எங்களை விடமாட்டினம். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ அக்கா. அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

அந்தப் பகுதிச் சைல்ட்மைண்டர்கள் இருபது பேரளவில் சேர்ந்து நடத்தும் அமைப்பு இந்த நெட்வேர்க். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பிள்ளைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். அதற்கென்று ஆளுக்கு ஒன்றிரண்டு இடம் வெறுமையாக வைத்திருப்பார்கள். பெற்றோரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். பியற்றிஸுக்கு வேண்டியது அதுதான், வேறொன்றும் இல்லை. விண்ணப்பம் போட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு டெபோரா வந்தாள். நெட்வேர்க்கை ஒருங்கிணைக்கிறவள், மெதுவாகப் பேசுகிறவள். முன்னறையையும் பின்வளவையும் படிக்கட்டு வாசலில் போட்டிருந்த தடுப்பையும் பார்த்தாள். பியற்றிஸ் சோஃபியாவுக்குச் சப்பாத்துப் போடப் பழக்குவதைக் கால்மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மிக நன்றாகச் செய்கிறாய் என்றாள். அதற்குப் பிறகு கோப்பைத் திறந்து, பிள்ளைப் பராமரிப்பில் லெவல் த்ரீ சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாள்.

பியற்றிஸ் மாடிக்குப் போய் ஜேர்மன் சான்றிதழை எடுத்துவந்து கொடுத்தாள். டோர்ட்முண்டில் பதினாறு வருடம் இருந்தவள் அவள். அங்கே இந்த வேலைக்குப் 'பகல்தாய்' என்று அர்த்தம் வருகிற ஒரு பெயர் உண்டு. நூற்றி அறுபது மணித்தியாலம் படித்து, பரீட்சை எழுதி, முத்திரை குத்திய கடதாசி வாங்கி, ஏழு வருடம் பகல்தாயாக இருந்திருக்கிறாள். மகள் கீர்த்திகாவை ஆங்கிலத்தில் படிக்கவைக்க வேண்டுமென்றுதான் குடும்பம் லண்டனுக்கு மாறியது. மகள் படித்து முடித்து இப்போது மான்செஸ்டரில் வேலைக்குப் போகிறாள்.

டெபோரா அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் பிடித்து, விளங்காத மொழியை மரியாதையோடு பார்த்தாள். வெளிநாட்டுப் படிப்பை ஒப்பிட்டுச் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே அனுப்பிப் பார் என்றாள். சைல்ட்மைண்டராக இருக்கச் சட்டம் லெவல் த்ரீ கேட்பதில்லை, நெட்வேர்க்தான் கேட்கிறது, அதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னாள். போகும்போது கோஃபியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஒன்பது கிழமை கழித்துப் பதில் வந்தது. ஜேர்மன் படிப்பு குறுகிய காலப் பயிற்சி, லெவல் த்ரீக்குச் சமமென்று கொள்ள முடியாது. இரண்டே வரி. பியற்றிஸ் அதைச் சமையலறை மேசையில் போட்டாள். கணவன் கஸ்பர் தமிழ்க் கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திருத்துகிற தொழில்காரன். வேலையால் வந்து, கை கழுவாமலே எடுத்து வாசித்தான்.

"இப்ப என்ன செய்யப் போறீர்?"

"படிக்கப் போறன். சனிக்கிழமை வகுப்பு. பதினாலு மாசம்."

"உமக்கு ஒப்பரேசன் வேணுமோ, சேட்டிபிக்கற் வேணுமோ?"

"ஒப்பரேசனுக்குத்தான் சேட்டிபிக்கற்."

கஸ்பர் சிரிக்கவில்லை. "பிள்ளையளை விட்டிட்டு வேறை வேலை பாருமன். கடையிலை நிண்டால் சுகமில்லாத நாளிலை லீவாவது தருவினம்."

"எனக்கு வேறை வேலை தெரியாது, கஸ்பர்."

உண்மையில் கடையில் நிற்க அவளால் முடியும். ஆனால் பதின்மூன்று வருடமாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, அது உனக்குத் தெரியாதென்று யாரோ எழுதியதால் அதை விட்டுவிட மனம் கேட்கவில்லை. குடும்ப வைத்தியர் ஒரு கடிதம் எழுதி, ஆஸ்பத்திரிப் பட்டியலிலிருந்து அவளுடைய பெயர் விழாமல் பார்த்துக்கொண்டார். கொழுப்புப் பக்கமே போகாதே என்றார். அன்றிலிருந்து தேங்காய்ப்பால் விடாத சொதியும் இடியப்பமும்தான் அவளுக்கு.

சனிக்கிழமை வகுப்பில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். ஆசிரியைக்கே பியற்றிஸைவிட வயது குறைவு. முதல் பாடம், குழந்தையின் கையை எப்படிக் கழுவுவது. பியற்றிஸ் அதையும் எழுதிக்கொண்டாள். ஐந்து நாள் வேலைக்குப் பிறகு ஆறாம் நாளும் காலையில் எழும்பி ரயில் ஏறுவது முதல் மாதம் பெரிதாகத் தெரியவில்லை. நான்காம் மாதம் ரயிலிலேயே நின்றபடி கண்ணயர்ந்து, இரண்டு நிறுத்தம் தாண்டிப் போனாள். கல்லின் வலி வந்தால் வகுப்பின் கழிப்பறையில் போய்க் குந்தியிருந்து, அது அடங்கிய பிறகு திரும்பி வருவாள்.

படிப்பின் பெரும்பகுதி, பிள்ளைகளைப் பார்த்து எழுதுவது. பத்து நிமிடம் ஒரு பிள்ளையைப் பார்த்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். அவள் எழுதிக் கொடுத்த முதல் தாள் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. 'சோஃபியா கெட்டிக்காரி, தாயைத் தேடுகிறாள்' என்று எழுதியிருந்தாள். இது நீ நினைப்பது, பார்த்ததை எழுது என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. தேடுகிற பிள்ளையைத் தேடுகிறதென்று எழுதாமல் வேறென்ன எழுதுவது? ஆனாலும் மதியம் பிள்ளைகள் தூங்குகிற ஒன்றரை மணித்தியாலத்தில் மறுபடி எழுதினாள். 'சோஃபியா கதவடிக்கு நான்கு முறை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். திரும்பி வந்து என் மடியில் தலையை வைத்தாள்.' அது சரியென்று வந்தது.

அகரனைப் பற்றியும் அப்படித்தான் எழுதினாள். அவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ரஞ்சனாவிடம் முன்பே இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். ரஞ்சனா இரண்டு தரமும், "வீட்லயும் அப்படித்தான்க்கா, பிடிவாதம். அவங்கப்பா மாதிரி" என்று சொல்லி விட்டுவிட்டாள். இப்போது பியற்றிஸ் மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் பார்த்துத் திகதி, நேரம் போட்டு எழுதினாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒன்பது தரம். திரும்பியது ஒரு தரம். முகத்துக்கு நேரே சொன்னது ஆறு தரம், ஆறும் செய்தான். அதில் ஒரு பிரதியை ரஞ்சனாவிடம் கொடுத்தாள்.

ரஞ்சனா வாசலில் கோட்டைக் கழற்றாமலே நின்று வாசித்தாள். அடுத்த கிழமை அந்தத் தாளோடு வைத்தியரிடம் போனாள். அவர் காதுச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு காதுக்குள்ளும் பசைபோல நீர் கட்டியிருந்தது.

"நீங்க அப்பவே சொன்னீங்கக்கா," என்றாள் ரஞ்சனா. அவளுடைய கண் கலங்கியிருந்தது. "நான்தான் காதுல வாங்கல. பேப்பர்ல பாத்தப்பதான் உறைச்சுது. டாக்டர்கூட, யார் எழுதினது, நல்லா எழுதியிருக்காங்கன்னு கேட்டார்."

"பரவாயில்லை, பிள்ளை. இப்பவெண்டாலும் கண்டுபிடிச்சாச்சு."

அவர்கள் போன பிறகு பியற்றிஸ் விளையாட்டுச் சாமான்களைப் பெட்டிக்குள் போட்டபடி அதையே யோசித்தாள். தாளில் எழுதும்போது அவள் புதிதாக எதையும் காணவில்லை. வாயால் சொன்னதைத்தான் எழுதினாள். வாயால் சொன்னபோது ஆறு மாதம் போனது. அதற்காக ரஞ்சனாவைக் கோபிக்க அவளால் முடியவில்லை, படிப்பை மெச்சவும் மனம் வரவில்லை. சனிக்கிழமைகளை வீணென்று சொல்வதை மட்டும் அன்றோடு நிறுத்தினாள்.

படிப்பு முடிகிற கட்டத்தில் ஆங்கிலப் பரீட்சை ஒன்று வந்து குறுக்கே நின்றது. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகாதவர்கள் அதிலும் சித்தியெய்தினால்தான் லெவல் த்ரீ கையில் வரும். தமிழுக்கும் ஜேர்மனுக்கும் பிறகு அவளிடம் வந்து சேர்ந்த மொழி. பேசினால் எல்லோருக்கும் விளங்கும், எழுதினால் சொற்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பூங்காவைச் சுத்தம் செய்யக் கோரி கவுன்சிலுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். முதல் முறை தவறினாள். கீர்த்திகா தொலைபேசியில், "அம்மா, இனிப் போதும், விடுங்கோ" என்றாள். பியற்றிஸ் விடவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, பூங்கா, குப்பைத்தொட்டி, உடைந்த ஊஞ்சல் என்று ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினாள். இரண்டாம் முறை சித்தியடைந்தாள். சித்திக்கு வேண்டியதைவிட இரண்டு புள்ளிதான் கூட.

சான்றிதழ் தபாலில் வந்த அன்று கோஃபிக்கு வயிற்றோட்டம். உறையைப் பிரிக்கவே மாலை ஏழு மணியாகிவிட்டது. கஸ்பர் அதைச் சட்டம் போட்டு மாட்டுவோம் என்றான். பியற்றிஸ் வேண்டாமென்றுவிட்டு, படமெடுத்து டெபோராவுக்கு அனுப்பினாள். ஒரு மாதத்தில் நெட்வேர்க்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது திகதி வந்தது.

சோஃபியாவும் அகரனும் தவமலரிடம் போனார்கள். கோஃபியை நெட்வேர்க்கில் இருந்த ஜோய்ஸ் என்ற நைஜீரியப் பெண் எடுத்தாள். பியற்றிஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள்: எதைச் சாப்பிடும், எப்படித் தூங்கும், எதற்கு அழும். அகரனின் தாளில் முகத்தைப் பார்த்துப் பேசவும் என்று மட்டும் பெரிதாக எழுதினாள். பெற்றோர் மூவரும் சரி என்றார்கள். இவ்வளவு நாளும் அவள் பயந்த அந்த இரண்டு கிழமை ஒரே பின்னேரத்தில் ஒழுங்காகிவிட்டது.

சத்திரசிகிச்சை சுகமாக முடிந்தது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் நான்கு சிறிய ஒட்டுகள். காலையில் ஏழேகாலுக்கு விழிப்பு வந்தது, கதவு தட்டப்படவில்லை. முன்னறை பெருக்கின படியே இருந்தது. அவள் சோபாவில் சாய்ந்து, தொலைக்காட்சியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, என்ன ஓடுகிறதென்று பார்க்காமலே இருந்தாள். கஸ்பர் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

நான்காம் நாள் தவமலர் தொலைபேசி எடுத்தாள்.

"எப்பிடியக்கா இருக்கு?"

"இருக்கு. இருமத்தான் ஏலாமல் கிடக்கு. பிள்ளையள் என்ன மாதிரி?"

"சோஃபியா முதல் நாள் அழுதது. இப்ப என்னை விடுறதில்லை." தவமலர் கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, இன்னொண்டு. மாசி மாசம் கனடாவிலை தம்பியின்ரை கலியாணம். ரெண்டு கிழமை. என்ரை ஆக்களிலை ஒராளை நீங்கள் பாக்க ஏலுமே? டெபோரா உங்களிட்டைக் கேக்கச் சொன்னவ."

நெட்வேர்க் என்றால் இதுதான் என்று பியற்றிஸுக்குத் தெரியும். இது கேட்கப்படுமென்றும் தெரியும். நான்காம் நாளிலேயே கேட்கப்படுமென்றுதான் நினைத்திருக்கவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தினை வயசு?"

"ஒண்டரை. பொடியன். நல்லாச் சாப்பிடுவான்."

"சரி, விடும். நான் பாக்கிறன்."

தவமலர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பியற்றிஸ் தொலைபேசியை நெஞ்சில் வைத்துவிட்டாள். மாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. தொலைக்காட்சியை நிறுத்தி, கால்களைச் சோபாவின் மேல் மெல்லத் தூக்கிப் போட்டு, மத்தியானம் வரை தூங்கினாள்.