கவிழ்த்து வைத்த ஸ்பூன்

"அதைத் தொடாதேங்கறேன்…"

"தொடுவேன். அம்மா எனக்குத் தர்றேன்னு சொன்ன ஸ்பூன் அது."

"எப்போ சொன்னா? கடைசி ஒரு மாசம் அம்மா வாயையே…"

"திறக்கலை. அதான் நீ திறக்க வெச்சியே!"

நான் இப்படிச் சொன்னதும் என் தங்கை ஐவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சொல்லப்போவது நடந்த விஷயம். எனக்கு இப்போது எண்பத்தொரு வயது. பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், என் மேல்வரிசை முன்பல்லைக் காட்டுகிறேன். பாதிதான் இருக்கிறது.

1963 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. யார்க்‌ஷயரில் ஸ்கிப்டன் ஊரில் எங்கள் அம்மாவின் வீடு. அம்மா செத்து ஐந்து வாரம். சாப்பாடு மூச்சுக்குழாயில் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்போது வீட்டில் இருந்தது ஐவி மட்டும்தான். தெருவில் என்ன பேசினார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நானும் லீட்ஸிலிருந்து ரயிலேறி வந்தது ஸ்பூனுக்காக மட்டும் இல்லை. அவள் வாயால் உண்மையைக் கேட்க வேண்டும்.

ஸ்பூன் நல்ல கனம். இருநூறு வருஷத்துப் பழைய வெள்ளி. நுனியில் மட்டும் அரிசி அரிசியாக நசுங்கல்கள். கீழே போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஐவி அதைக் கம்பளித் துணியில் சுற்றி, கயிறு கட்டி, நிலக்கரி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"வெள்ளியைக் கரியில வைக்கிற ஆளை இப்பதான் பார்க்கறேன்."

"ஹெஸ்தர், ஒரு தடவை சொல்றேன், கேளு. அம்மா வாயில நான் தள்ளலை. என் கையைத் தள்ளிடுச்சு."

"எது?"

"அந்த ஸ்பூன்."

"ஓஹோ! நல்ல கதைடி. போலீஸ் வந்தா இதையே சொல்லு."

12.50. சாப்பிட உட்கார்ந்தோம். முதலில் குழம்பு ஊற்றிய யார்க்‌ஷயர் புட்டிங் என்ற மாவு அப்பம், அப்புறம் மாட்டிறைச்சி. கடைசியில் அடுப்பிலிருந்து அரிசிப் பாயசம் வரவேண்டும். ஐவி எனக்கும் தனக்கும் மர ஸ்பூன் போட்டிருந்தாள். நான் வேண்டுமென்றே மர ஸ்பூனைத் தள்ளிவிட்டு வெள்ளி ஸ்பூனை வைத்தேன். கவிழ்த்துத்தான் வைத்தேன். எங்கள் வீட்டில் ஸ்பூனைக் கவிழ்த்துத்தான் வைப்போம், பின்பக்கம் வெட்டிய எழுத்துத் தெரிய.

1.10. பாயசத்தை எடுத்து வரத் திரும்பினேன். வந்து பார்த்தால்… ஸ்பூன் மல்லாந்திருந்தது.

"நீ திருப்பினியா?"

"நான் எழுந்திரிக்கவே இல்ல."

மறுபடி கவிழ்த்தேன். பரிமாறினேன்.

டிங்.

மறுபடி மல்லாந்திருந்தது. காம்பு என் பக்கம் இருந்தது, இப்போது ஐவி பக்கம். குழி என்னைப் பார்த்தபடி.

"ஹெஸ்தர், வேண்டாம்டி…"

"சும்மா இரு."

கொதிக்கிற பாயசத்தில் விட்டேன். வெள்ளி உடனே சூடேறும், காம்பு விரலைச் சுடும். இது சுடவில்லை. சில்லென்று இருந்தது. பனியில் கிடந்த சாவி மாதிரி.

1.13. வாயில் வைத்தேன்.

வெளியே எடுக்க முடியவில்லை.

இழுத்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பூன் உள்ளே போனது. நாக்கின் மேல்… இன்னும் உள்ளே…

என் மூக்கை யாரோ பிடித்தார்கள்.

இரண்டு விரல். சில்லென்று.

எதிரே ஐவி. அவளுடைய இரண்டு கையும் மேசைமேல்.

மூச்சு இல்லை.

"கடி!" ஐவி கத்தினாள். "கடிச்சுப் பிடி! உள்ள விடாதே!"

கடித்தேன்.

படக்.

பல் உடைந்தது. ஐவி பாய்ந்து வந்து என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஸ்பூன் தரையில் விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. தானாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

அப்போதாவது நான் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயெல்லாம் ரத்தம். பயம். பயத்தில் கோபம்தான் வந்தது.

"இப்படித்தான் அம்மாவையும் கொன்னியா?"

"என் ரெண்டு கையும் மேசைமேல இருந்துச்சு. நீ பார்த்தே."

"நான் ஒண்ணும் பார்க்கலை."

ஐவி குனிந்து ஸ்பூனை எடுத்தாள். அதைத் துணியில் சுற்றி என் பையில் போட்டாள். "எடுத்துட்டுப் போ. இனி இந்த வீட்டுப் படி ஏறாதே."

மறுநாளே லீட்ஸில் வெள்ளிச் சாமான் பழுதுபார்க்கும் பிக்கர்ஸ்கில் என்ற கிழவரிடம் கொடுத்தேன். உருக்கிவிடச் சொன்னேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் பல் தடம்மா. மேலயும் கீழயும் இருக்கு. சாப்பிடறவங்க இப்படிக் கடிக்க மாட்டாங்க. உள்ள வராம தடுக்கறவங்க கடிக்கிறது இது."

"எங்க அம்மா கடிச்சிருப்பா."

"ஒரு ஆள் இல்லையேம்மா. ஏழெட்டு வாய் இருக்கு. சிலது தேஞ்சே போச்சு, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். இதோ இது குழந்தையோட பால்பல்." அவர் நிமிர்ந்தார். "உங்க அம்மாவோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குப் பல்லே கிடையாது. எங்கள் பக்கத்துப் பழைய வழக்கப்படி, பின்னால் புருஷனுக்குப் பல் டாக்டர் செலவு வரக்கூடாதென்று, இருபத்தொரு வயதில் கல்யாணப் பரிசாக அவளுடைய அப்பா எல்லாப் பல்லையும் பிடுங்க வைத்துவிட்டார். கடைசி மாதம் பல்செட்டும் போடவில்லை. அது கட்டிலோரம் கண்ணாடித் தம்ளரில் கிடந்தது.

அம்மாவால் கடித்துத் தடுக்க முடியவில்லை…

வியாழக்கிழமை காலை 11.05. தொலைபேசி. பிக்கர்ஸ்கில்.

"ஏம்மா, ஸ்பூனை நீங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டீங்களா? பூட்டின பெட்டியில துணி மட்டும்தான் இருக்கு."

அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

2.20. அம்மாவின் வீடு. கதவைத் தட்டினேன். பால் தீய்கிற வாசனை வெளியே வரை வந்தது. மறுபடி தட்டினேன். குனிந்து, கதவில் தபால் போடும் துவாரத்தின் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

நடை. அதன் கோடியில் சமையலறைக் கதவு, பாதி மூடியபடி. மேசையின் ஓரம் மட்டும் தெரிந்தது. ஒரு தட்டு. ஐவியின் இரண்டு கைகள், மேசைமேல், அசையாமல். மர ஸ்பூன் தள்ளிக் கிடந்தது.

வெள்ளி ஸ்பூன் மேசையில் இல்லை.

டிங்… பல்லில் வெள்ளி இடிக்கிற சத்தம்.

டிங்…

"ஐவி! உன் ரெண்டு கையும் மேசைமேலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்டி. கதவைத் திற."