ஒன்பது குப்பி, பதினெட்டு அவுன்ஸ்

11-1-1953: பாட்டில் ஒன்று திறந்தது, 26 அவுன்ஸ்.
அதே நாள்: பூசைக்கு 2 அவுன்ஸ்.
அதே நாள்: பன்னிரண்டு குப்பிகளில் அடைத்தது 24 அவுன்ஸ். சிந்தியது இல்லை.
8-2-1953: ஒரு குப்பி, 2 அவுன்ஸ்.
8-3-1953: ஒரு குப்பி, 2 அவுன்ஸ்.
12-4-1953: ஒரு குப்பி, 2 அவுன்ஸ்.
27-4-1953: போலீசார் கொண்டுபோனது ஒன்பது குப்பி, 18 அவுன்ஸ்.

எழுதி வைத்தவர் சூசைராஜ் உபதேசியார். ஆவூருக்கு ஆறு மைல் தள்ளி, நாற்பது வீடும் ஒரு சிறு கோவிலும் உள்ள ஊரில் ஜெபம் சொல்வதும் மணி அடிப்பதும் அவர் வேலை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மட்டும் ஆவூர்ப் பங்குச்சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். அந்தப் பாதையில் ஒவ்வொரு முறையும் பூசைக்கான திராட்சை ரசத்தைக் கொண்டுவருவது ஆகாத காரியம் என்பதால், ஆண்டுக்கு ஒரு பாட்டில் உபதேசியார் வீட்டில் இருக்கும். மதுவிலக்குக் காலம். பூசை ரசத்துக்கு மட்டும் சர்க்கார் பர்மிட் உண்டு.

திறந்த பாட்டில் அடுத்த மாதம்வரை தாங்காது. காற்றுப் பட்டுப் புளித்துவிடும். புளித்த ரசத்தில் பூசை செல்லாது. சூசைராஜ் முன்பு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டருக்குக் கையாளாக இருந்தவர். இரண்டு அவுன்ஸ் மருந்துக் குப்பிகளை வேகவைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைப்பார். தக்கைக்கும் ரசத்துக்கும் நடுவே நகக்கண் இடம்கூட இல்லாமல் ஊற்றி அடைப்பார். மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, குப்பியின் கழுத்தை இருமுறை முக்கியெடுத்து, தண்ணீர்ப் பானைக்கடியில் ஈரமணலில் புதைத்துவிடுவார். ஒரு பூசைக்கு ஒரு குப்பி.

சாராய ஊறல் தேடி வந்த போலீசார் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு அந்தப் பானையருகே வந்தார்கள். மணலில் வரிசையாக மெழுகுத் தலைகள்.

"பர்மிட்டு ஒரு பாட்டிலுக்குத்தானய்யா? இங்க ஒம்பது இருக்கு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அந்த ஒண்ணுதாங்க ஒம்பதா இருக்கு. தக்கை, மெழுகு எல்லாம் புளிச்சுப் போகாம இருக்கத்தான்."

"சாராயம் விக்கிறவனும் இப்படித்தான் சின்னச் சின்னதா அடைக்கிறான்."

"அவன் ஒரு வருசம் வச்சிருந்து விப்பானாங்க?"

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குப்பிகள் ஸ்டேஷனுக்குப் போயின.

மறுவாரம் பங்குச்சாமியார் போய்ப் பேசினார். பர்மிட்டில் ஆவூர்க் கோவில் என்றுதான் இருந்தது, உபதேசியார் வீடு இல்லை. விஷயம் பெரிதானால் பர்மிட்டே போய்விடும் என்று அவருக்குப் பயம். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று முடிவானது. சூசைராஜ் அதைப் படித்தார். 'அனுமதியின்றி மது வைத்திருந்ததற்காக எச்சரித்து விடப்பட்டார்.'

"நான் மது வைக்கல சாமி. பூசை ரசம் வச்சேன்."

"ரெண்டு வார்த்தைக்காக கேசுக்குப் போவீங்களா உபதேசியாரே? கேஸ் உள்ளவரை பீடத்துக்கிட்ட நிறுத்த முடியாது."

"பின்னால நிக்கிறேன் சாமி."

வீட்டில் மனைவி அடைக்கலமேரி விடவில்லை. "ஊருல பாதிப்பேரு என்ன ஏதுன்னு கேக்காம கைநாட்டு வச்சுட்டு நிம்மதியாத்தான இருக்கான். ஒங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"அவனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியுதே."

"இதுக்குத்தான் படிச்சீக போல," என்று அவள் உலையை இறக்கினாள்.

மே மாதத்திலிருந்து கோவில் சாவி ஊர்க்காரர் ஆண்டியப்பனிடம் போனது; அவரே மணி அடித்தார். சூசைராஜ் கோவிலில் கடைசி வரிசையில் நின்றார். கேஸ் போடுங்கள், இல்லையேல் குப்பிகளைத் திருப்பித் தாருங்கள் என்று போலீஸ் மேலதிகாரிக்கு மூன்று ரிஜிஸ்டர் கடிதம் எழுதினார். பதில் இல்லை.

மே பூசைக்குச் சாமியாரே கொஞ்சம் ரசம் கொண்டுவந்தார். ஜூன் பதினான்காம் தேதி, ஆவூரிலிருந்து வந்த புதுப் பாட்டிலை ஆண்டியப்பன் திறந்தார். மிச்சத்தைப் பழைய தக்கையாலேயே அடைத்து, துணி சுற்றி வைத்தார். ஜூலை பன்னிரண்டாம் தேதி சாமியார் முகர்ந்து பார்த்துவிட்டுப் பீடத்தை விட்டு இறங்கினார். அன்று பூசை இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து நாலு மைல் நடந்து வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

சாமியார் நேரே கடைசி வரிசைக்கு வந்தார். "அடுத்த பாட்டிலை நீங்களே அடைச்சு வையுங்க."

"வைக்கிறேன் சாமி. உங்க உத்தரவுலதான் குப்பியில அடைக்கிறேன், எங்க வீட்டுல வைக்கிறேன்னு எழுதிக் குடுங்க."

"என்னை நம்பமாட்டீங்களா?"

"நம்புறேன். போலீசு நம்பணுமே."

 சாமியார் பூசைச் சாமான்கள் வைக்கும் சாக்ரீஸ்து அறையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ஜனவரி பாட்டிலும் தன் உத்தரவின்படியே அடைக்கப்பட்டது என்று, கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்.

"நாளையிலருந்து மணியும் நீங்களே அடிங்க."

"கேஸ் முடியட்டும் சாமி."

அந்தக் காகிதத்துக்கு நகல் எடுத்து, குப்பிக் கணக்கையும் சேர்த்து நாலாவது ரிஜிஸ்டர் கடிதத்தை அனுப்பினார். ஆகஸ்ட் முழுவதும் கடைசி வரிசையிலேயே நின்றார்.

செப்டம்பரில் வந்த பதில் ஒரு பக்கம்கூட இல்லை. மேற்படி ரசம் கோவிலுக்குரியது, குற்றம் ஏதுமில்லை, ஒன்பது குப்பிகளையும் நேரில் பெற்றுக்கொள்ளலாம். எச்சரிக்கை என்ற சொல் இருக்கிறதா என்று இருமுறை படித்துப் பார்த்தார். இல்லை. அதன் பிறகுதான் கோவில் சாவியை வாங்கிவர ஆண்டியப்பன் வீட்டுக்கு நடந்தார். கடிதம் வந்த நாள் 21-9-1953, திங்கட்கிழமை.