அக்கா வேரில் போட்டது

நட்ட குச்சியைப் பிடுங்கிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வேர் விட்டதா இல்லையா என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. பாண்டியிலிருந்து கொண்டுவந்த ஆறு ரோஜாக் குச்சிகளில் மூன்றை அப்படித்தான் கொன்றேன். இரண்டு தானாகவே கருகின. மிச்சம் ஒன்று. "அதையாவது விட்டு வை. பதறாத காரியம் சிதறாது," என்றார் என் வீட்டுக்காரர். அவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். பதறினால் அவர் பிழைப்பு நடக்காது. எனக்குப் பதறுவதே பிழைப்பு.

கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. எங்கள் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு வந்து திரும்பியது, அவ்வளவுதான். குப்பத்துப் பக்கம் போனதெல்லாம் வேறு கதை. ஒன்றையும் இழக்காத எனக்குத்தான் அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. சோறு வடிக்கும்போது வாசலை எட்டிப் பார்ப்பேன். துணி துவைக்கும்போது நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும், மூக்குக்கு உப்புச் சேறு தவிர வேறு வாசனை வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாண்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு வீட்டு மதில்மேல் அந்தக் கொடி ரோஜாவைப் பார்த்தேன். நல்ல மஞ்சள். கொத்துக் கொத்தாகத் தொங்கியது. டீத்தூள் டப்பாவைத் திறந்தால் வருகிற மணமும் பழுத்த பழத்தின் மணமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் கெஞ்சி ஆறு குச்சி வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்டிய நுனிகளில் சாணி வைத்தேன். என் பிறந்த வீடு கிளியனூர்ப் பக்கம். அங்கிருந்து இரண்டு மூட்டை செம்மண்ணை வீட்டுக்காரர் காலி லாரியில் ஏற்றி வந்தார். இடுப்பளவு குழி தோண்டி, உவர்மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, செம்மண்ணை நிரப்பினேன்.

ஒரே வாசலில் இரண்டு குடும்பம் நாங்கள். பக்கத்துப் பாதியில் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவியும். ஓர்ப்படி என்று பெயர்தானே தவிர நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உப்பளத்தில் பதினெட்டு வயதிலிருந்து வேலை செய்கிறவள். அதிகம் பேசமாட்டாள். உப்பளத்தில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பாத்தியில் உப்பு பூத்ததும் கற்பூரம் காட்டி, முதல் உப்பை ஒரு கைராசிக்காரி வாரவேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் பாத்தியில் கால் வைப்பார்கள். ஏழெட்டு வருஷமாக அந்த வாருபலகை அக்கா கையில்தான். அன்றைக்கு மட்டும் அவள் புதுப்புடவை கட்டுவாள். மற்றபடி அவளுக்கென்று தனியாக எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை.

என் குச்சி துளிர்த்து, முழ உயரம் வந்தது. பிறகு இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. அடியிலிருந்து உவர் ஏறி வருகிறது என்று எனக்கே தெரிந்தது. வீட்டு போர் தண்ணீர் கரிக்கும். தெருக்குழாயில் வருகிற நல்ல தண்ணீரைத்தான் ஊற்றினேன். ஒருநாள் அக்கா பார்த்துவிட்டு, "குடிக்கவே இல்ல, செடிக்கு இன்னாத்துக்கு ரெண்டு கொடம்?" என்றாள். நான் மூன்றாவது குடத்தையும் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் செடியைப் பார்க்கப் போனேன். தண்டைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பளபளத்துக்கொண்டு கிடந்தது. இரண்டு கைப்பிடி இருக்கும். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்த மாதிரி ஆயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் செடியின் வேரில் உப்பு வைப்பது என்றால் உன் குடி கெடட்டும் என்று சொல்வதற்குச் சமம். ஒரு சிரட்டையால் சுரண்டிச் சுரண்டி மதில் ஓரம் எறிந்தேன். அப்படியே தெருக்குழாய்க்கு ஓடினேன். அக்கா குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். முன்னும் பின்னும் பதினைந்து பெண்கள்.

"என் செடி வேர்ல உப்பக் கொட்டிட்டு வந்து நிக்கிறியே, நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "நான் போட்டது உப்பு இல்லம்மா..."

"பின்ன சக்கரையா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று எனக்குப் பேர் உண்டு. அக்கா குடத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். தன் முறை வந்ததும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

வெறும் சண்டையாக இருந்திருந்தால் இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கும். சிரித்த விஷயம் ஆறாது. உப்பளம் வரைக்கும் போயிற்று. அந்த வருஷம் கடல் தண்ணீர் கரைகளை உடைத்துப் போட்டிருந்ததால் பங்குனியில்தான் முதல் உப்பு பூத்தது. ஓனர் வீட்டில் கைராசிக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். "வேர்ல உப்பு வச்ச கை, இந்த வருஷம் வேணாம். ஏற்கெனவே பட்டது போதும்," என்று யாரோ சொன்னார்களாம். அக்கா பழைய புடவையோடு போய் எல்லாரோடும் கூடை சுமந்துவிட்டு வந்தாள். அன்று மாலை அவள் கால் கழுவுகிற சத்தத்தை நான் உள்ளிருந்து கேட்டேன். பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தி வரவேண்டியது எனக்கு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் செடியில் செக்கச் செவேலென்று புதுத்துளிர். கருகிய இலையெல்லாம் கொட்டி, கணுவுக்குக் கணு கிளை விட்டிருந்தது. உப்பு வைத்த வேர் எப்படித் துளிர்க்கும்? மதில் ஓரம் போனேன். நான் எறிந்ததில் கொஞ்சம் இன்னும் கிடந்தது. ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. எந்த ருசியும் இல்லை. சுண்ணாம்புக்கட்டியைக் கடித்த மாதிரி நறநறவென்று இருந்தது. உப்பு ஊரில் பிறந்த குழந்தைகூட முதலில் செய்திருக்கக்கூடிய காரியம் அது. எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்ற நான் நேரம் கொடுக்கவில்லை.

அக்கா அடுப்பங்கரையில் இருந்தாள். கையில் இருந்ததை நீட்டினேன்.

"ஜிப்சம்," என்றாள். "உப்பு பூக்கறதுக்கு முன்னாடி, கடத்தண்ணியத் தேக்கி வைக்கற கட்டுப்பாத்தியில அடியில உறையும். நீதான சொன்ன, உங்கப்பா மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுவாரு, உவரு வாங்கும்னு. ஒடச்சி மண்ணுல கெளறி வுட்டேன், மிச்சத்த மேல போட்டேன்."

சொன்னேன்தான். எங்கள் வேர்க்கடலை நிலத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சாம்பல் மாதிரிப் பொடியாக இருக்கும். அது பளபளவென்று சில்லாக இருக்கவும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதேன். தப்பு பண்ணிட்டேன்க்கா, மன்னிச்சிடு என்றேன்.

அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, "வஞ்சது தெருவுல. மன்னிப்பு மட்டும் அடுப்பங்கரையிலயா?" என்றாள்.

மறுநாள் வரிசையில் நின்று சத்தமாகச் சொன்னேன். அது உப்பு இல்லை, ஜிப்சம், என் செடியைக் காப்பாற்றத்தான் அக்கா போட்டாள், புத்தி கெட்டுப் பேசியது நான்தான் என்று. யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற பெண் என் தோளைத் தட்டி, "வுடும்மா, ஒரே வூட்டுக்குள்ள இருந்துகினு, நீயாச்சும் எறங்கி வந்தியே," என்றாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அவரவர் குடத்தைப் பார்த்தார்கள்.

கொடி ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டுக்காரர் கம்பி கட்டிக் கொடுத்தார். மார்கழியில் ஷீட்டுக் கூரையைத் தொட்டு, கொத்தாகப் பூத்தது. சாயங்காலம் கடற்காற்று திரும்பினால் தெருமுனை வரை மணக்கும். ஈசிஆர் ரோட்டில் போகிறவர்கள்கூட உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உப்புத் தரையில் ரோஜாவா என்று கேட்டவர்களிடமெல்லாம், என் கை இல்லை, அக்கா கை என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பூவை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்கள்.

மாசி மாதம் உப்பளத்திலிருந்து மேஸ்திரி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கொடியை அண்ணாந்து பார்த்தார். "இந்த வருஷம் மொத உப்ப நீங்க வாரணுமாம், ஓனரம்மா சொன்னாங்க. இந்த மண்ணுல பூக்க வச்ச கையாச்சே."

"நான் இல்லீங்க. செடியப் பொழைக்க வச்சது எங்கக்கா. அவங்களக் கூப்புடுங்க. அவங்க கைக்கு என்னால கெட்ட பேரு வந்துச்சு. நானே வந்து ஓனரம்மாகிட்ட சொல்றேன்," என்றேன்.

மேஸ்திரி தலையை ஆட்டிச் சிரித்தார். "உங்களுக்குப் பெரிய மனசுங்க. செஞ்சவளையும் வுட்டுக்குடுக்காம பேசறீங்க. போய் அப்படியே சொல்றேன்."

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பின்னாலேயே போய்ப் பிடித்து, இன்னொரு தடவை விளங்கச் சொல்லலாம் என்று செருப்பைத் தேடினேன். அக்கா தன் பக்கத்துக் கதவடியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கோபம்கூட இல்லை முகத்தில்.

"அன்னிக்கி நீ வாயத் தொறந்தே, என் பேரு போச்சு," என்றாள். "இப்ப எப்பத் தொறந்தாலும் உனக்குத்தான் நல்ல பேரு வருது. கொஞ்ச நாளு சும்மா இரும்மா."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.