வளைகாப்புக்குப் பின் வண்டலூர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போன வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. திரும்பி வந்த பிள்ளைகள் வெள்ளைப்புலியைப் பற்றியே பேசிப் பேசி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். அந்தப் புலியைப் பார்க்கும் ஆசை, கல்யாணமாகி திண்டிவனத்துக்குக் குடிவந்து, ஏழாம் மாசம் வளைகாப்பும் போட்ட பிறகும் தீரவில்லை. தாய்வீட்டுக்கு அனுப்ப நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியுமா? இந்தக் கோடையை விட்டால் இல்லை என்று நானே முடிவு கட்டினேன்.

வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. மிருகங்களுக்கும் அன்றைக்குத்தான் லீவு. என் ராசி அப்படி. கெஞ்சிக் கூத்தாடி அவரைப் புதன்கிழமை லீவு போட வைத்தேன்.

கத்திரி வெயில் என்பதால் மற்றதையும் யோசித்து வைத்திருந்தேன். விடியற்காலை பாசஞ்சரில் செங்கல்பட்டு, அங்கிருந்து லோக்கல் ரயில். மிருகக்காட்சி சாலைக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் புலி நிழலில் போய்ப் படுத்துவிடும், முதுகுதான் தெரியும். சுற்றிப் பார்க்க பேட்டரி கார். குடிக்கக் கேப்பைக் கூழும் மோரும். டாக்டரம்மாவும் தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் நிற்காதே என்றதோடு விட்டுவிட்டார்.

முந்தின நாள் மாமியார் கூழுக்கு மாவு எடுத்துக்கொண்டே கேட்டார்.

"வண்டலூருன்னா பாலாத்தத் தாண்டித்தான போவணும்?"

"ஆமாங்க அத்தை."

"அப்ப வேணாம்மா. வளைகாப்பு போட்டவ ஆறு தாண்டக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. "பாலாத்துல தண்ணி எங்க அத்தை ஓடுது? வெறும் மணலு. மாடு மேயுது."

"மணலா இருந்தாலும் ஆறு ஆறுதான்."

வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாலம் வரும்போது தூங்கிக்கினு போனா தாண்டினதா கணக்கில்லம்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "உங்க காலத்துல நீங்க இதெல்லாம் பாத்துக்கினுதான் இருந்தீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

மாமியார் மாவு டப்பாவை மூடினார்.

"நானா? எட்டு மாசத்துல பெண்ணையாத்துல எறங்கி அக்கரைக்குக் கரும்பு வெட்டப் போனேன். இடுப்பளவு தண்ணி. போவலன்னா அன்னிக்குச் சோறு இல்ல. இவனுக்கு மின்ன ஒண்ணு இருந்துச்சு. அந்த வாரமே தங்காம போயிடுச்சு."

வீட்டுக்காரர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது தெரியாது.

"ஆறுதான் காரணமான்னா எனக்குத் தெரியாதும்மா. ஆனா, வேணாம், போவாதன்னு சொல்ல அன்னிக்கு எனக்கு ஒரு ஆள் இல்ல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. "போவல அத்தை" என்றேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

ஆசை விட்டுவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆறு தாண்டக் கூடாது என்கிற சாஸ்திரத்தை இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனாலும் அந்தப் புதன்கிழமை ரயில் ஏறியிருந்தால், போகாதே என்று சொல்ல எனக்கு இருந்த ஆளை நானே தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.