மகள் தொட்ட பூசணிப்பூ

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் நீர்வேலியில் எங்கள் பூசணிக்காயை மிஞ்ச ஆளில்லை என்று தைரியமாக எழுதுவேன்.

சண்டை நடந்த அந்த வருடம், வெடிப்புகையோ என்னவோ, தேனீக்கள் வரவில்லை. பிஞ்சுகள் வெம்பி விழுந்தன. ஆண் பூவைப் பிடுங்கி, பெண் பூவில் நாங்களே தொட்டுவிட வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். அதனால் என் மகள் விடியவே தோட்டத்துக்குப் போவாள்.

"எனக்கு மாப்பிள்ளை தேடத் தெரியாத அம்மா, நான் பூவுக்கு மாப்பிள்ளை கொண்டு போறன் பாருங்கோ!" என்று அன்றும் சிரித்தாள்.

"வாய்க்காரி, வெயில் ஏற முன்னம் கெதியாய் வா" என்றேன்.

ஷெல் விழுந்தது. கொடிக்குள்தான் கிடந்தாள். தொட்ட பூவுக்குப் பக்கத்தில் குச்சி நடுவது அவள் வழக்கம். அன்று ஒரு குச்சிதான் நட்டிருந்தாள்.

அந்தப் பூ காயாகி, அவளுடைய முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்குள் முற்றிவிட்டது.

"மச்சாள், சனத்துக்குக் கறி காணாது. உந்தக் காயை வெட்டட்டோ?" என்று தம்பியின் மனைவி கேட்டாள்.

"ஒருத்தரும் தொடக்கூடாது!" என்று கத்தினேன்.

பிறகு, என் பிள்ளையின் பேரில் சாப்பிட வந்தவர்களுக்குக் கறி குறையலாமா என்று நானே கத்தியை எடுத்தேன். உள்ளே விதை நிறைந்திருந்தது. ஒன்றுகூடச் சப்பையில்லை.

"நல்ல இனிப்பு அக்கா. எங்கை வாங்கினது?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார்.

"வாங்கேல்லை. என்ரை மகள் காய்க்க வைச்சது" என்று நிமிர்ந்துதான் சொன்னேன்.

அவள் கை பட்டது வீண்போகவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். வீண்போயிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.