மாதா கெபிக்குத் துலக்கிய பித்தளை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தூத்துக்குடியில் விடுதியில் தங்கி முதுகலைத் தமிழ் படிக்கும் நான், மறுநாள் மாதா பிறந்தநாள் திருவிழாவுக்காகக் கீழவைப்பாரில் மாமா வீட்டுக்கு வந்திருந்தேன்.

மாமா மீனவர். வலையில் பித்தளைப் பொருள் எது அகப்பட்டாலும் அவர் விற்பதில்லை. துலக்கி, தெருமுனையில் மாதா சிலை நிற்கும் சிறு குகைக்கோயிலான கெபியில் வைத்துவிடுவார். கெபியில் தொங்கும் கப்பல் மணியும் அப்படி வந்ததுதான். அந்த வாரம் அகப்பட்டது, இரு கைகளில் அடங்கும் கனத்த குமிழ் ஒன்று. அத்தை புளி போட்டுத் தேய்த்து அதைப் பொன்னாக்கியிருந்தார். நுனியில் விசிறி போன்ற சிறு தகடு மட்டும் அசையவில்லை. அதைத் தட்டி எடுத்துவிட்டால் மெழுகுவர்த்தி நிற்கும் என்பது மாமாவின் கணக்கு.

"ஏளா, இங்கன வா. விளிம்புல இங்கிலீசுல என்னமோ வெட்டியிருக்கு. எந்தக் கப்பலுன்னு வாசி" என்றார், சுத்தியலைத் தேடிக்கொண்டே.

கப்பலின் பெயர் எதுவும் இல்லை. ஓர் அம்புக்குறி, சில எழுத்துகள், ஓர் எண், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆண்டு. அவற்றை அப்படியே கைபேசியில் தேடினேன். திரையில் அதே குமிழ், அதே விசிறி. விமானத்திலிருந்து வீசும் குண்டின் மூக்கில் திருகப்படும் பியூஸ். குண்டை வெடிக்கவைக்கும் பாகம். நிமிர்ந்தபோது மாமா அதைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

என் குரல் அந்த வீட்டின் வாசலைத் தாண்டியதில்லை. அன்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"பித்தளையக் கண்டா பயப்படுத! என்ன படிப்பு படிக்கியோ" என்று சிரித்தவரிடம் கைபேசியை நீட்டினேன். சுத்தியல் மெல்ல இறங்கியது.

"மாதாவே! காலையில இருந்து மடியில வச்சுல்லா தேச்சேன்" என்று அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் காவல்துறைக்குத் தகவல் சொல்ல, வெடிகுண்டுப் பிரிவினர் வந்து தெருவைக் காலி செய்தனர். அதிகாரி ஒருவர் மண்டியிட்டு, கை வைக்காமலே, ஒவ்வொரு பாகமாகப் பார்த்து அடையாளம் கண்டார். பின்பு எங்களிடம் வந்து சொன்னார்: "குண்டு விழும்போது இந்த விசிறி காத்துல சுத்தணும். சுத்தி முடிச்சாத்தான் உள்ள மருந்தக் குத்தி வெடிக்கவைக்கிற ஊசிக்குப் பூட்டு விடும். இது பாதியில நின்னுருக்கு. ஒரு தட்டு போதும்மா."

மாமா தம் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலிடத்து அனுமதி பெற்று, பொழுது சாயுமுன் ஊருக்கு வெளியே பொட்டலில் தங்கள் வெடிமருந்தையும் சேர்த்து வைத்து அதை வெடிக்கச் செய்தார்கள். அவ்வளவு தொலைவில் நின்றும் அந்த ஓசையை என் நெஞ்செலும்பில் உணர்ந்தேன். பக்கத்து உப்பளத்திலிருந்து எழுந்த பறவைகள் நெடுநேரம் இறங்கவில்லை.

மறுநாள் காலை, திருப்பலிக்கு முன், தனியாக அங்கே போனேன். குழிக்குள் உவர்நீர் ஊறியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றேன். விளிம்பு என் முழங்காலுக்கு மேலே வந்தது. யாரையோ கொல்வதற்கென்று வானில் புறப்பட்டு, பாதிச் சுற்றில் நின்று, எண்பது ஆண்டுகள் கடலடியில் கிடந்த ஒன்று, என் அத்தையின் மடிவரை வந்து எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்ற வியப்பு, அந்தக் குளிர்ந்த நீரில் நின்றபோது என் கால்வழியே ஏறியது. இன்றும் அது இறங்கவில்லை.