நிதானம் மிச்சம் பிடித்த நாற்பத்தொரு சதவீதம்

பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி பணிமனையில் எல்லோருக்கும் அவர் நிதானம்தான். ரயில் நிலையத்துக்கும் மேட்டின் உச்சியில் இருக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருபத்திரண்டு வருஷமாகச் சிற்றுந்து ஓட்டுகிறார். இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததுமில்லை. கேட்டால், "பதறாத காரியம் சிதறாதுங்க சார்" என்பார். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேலாளர் கொடுத்த கடிதங்களை அவர் மனைவி அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். நல்ல கெட்டித் தாள் என்பது அவள் அபிப்பிராயம்.

பழைய டீசல் வண்டிகளுக்கு ஆயுள் முடிந்ததும், அடுத்து எரிவாயுவா மின்சாரமா என்ற கேள்வி வந்தது. எரிவாயு வண்டி சோதனையில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எரிவாயு நிரப்பும் இடம் ஊரின் அந்தக் கோடியில். நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் நிரப்பியதில் கால்வாசி தீர்ந்துவிட்டது.

மின்சார வண்டி புத்தம் புதுசு, கீறல் விழக்கூடாது என்று அதை நிதானத்திடம் கொடுத்தார்கள். அவர் மேட்டில் நடைபயிற்சிக்காரர்களுக்கு வழிவிட்டு ஏறினார். இறக்கத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக உருண்டு கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ள விட்டார். ஏசி பட்டால் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதைத் தொடவே இல்லை. ஆறு நடை முடிந்து பார்த்தால் நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ் மிச்சம்.

மேலாளர் கைகுலுக்கினார். அறிவிப்புப் பலகையில் நிதானத்தின் படம் ஏறியது. அவர் மனைவி அதைப் பார்க்கவென்றே பணிமனைக்கு வந்து, சட்டைக் காலர் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மேலாளர் சொன்னார்: "இவ்வளவு மிஞ்சுதுன்னா இந்தப் பெரிய பேட்டரி எதுக்கு? சின்னதே போதும். அப்படியே பத்தலைன்னா, கடைசி நடை மட்டும் மேடு ஏறாம கீழயே திரும்பிடட்டும். மேல யார் இருக்கப்போறா, நாலு பேரு."

அந்த நாலு பேரில் ஒருத்தி நிதானத்தின் அக்கா. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்துக் கடைசி நடையில்தான் இறங்குவாள். அன்றைக்கெல்லாம் அவளுக்கு மருத்துவமனை வாசல்வரை நடப்பதே பெரும்பாடு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்தச் சுரைக்காயை விளைவித்ததே தான்தான் என்பது நிதானத்துக்குப் புரிந்தது. வாழ்நாளில் கிடைத்த ஒரே கைகுலுக்கலைத் தானே போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அதை ஆறப்போட்டுப் பிறகு போனார். அதிலும் நிதானம்.

"சார், அந்தக் கணக்கு வண்டியோடது இல்ல, என்னோடது. நான் ஏசி போடல. மேட்டுல ஆள் நடக்கிற வேகத்துலதான் போனேன். புயல்கிட்ட குடுத்துப் பாருங்க. ஏசியும் போடச் சொல்லுங்க."

புயல் என்பது சக ஓட்டுநர். ஏன் அந்தப் பெயர் என்று அவன் வண்டியில் ஏறியவர்கள் கேட்பதில்லை. ஏசியை முழுதாக வைத்து ஓட்டினான். ஐந்தாம் நடையில், பாதி மேட்டில், வண்டி சத்தமில்லாமல் நின்றது. பயணிகள் மீதி மேட்டை நடந்தே ஏறினார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த மேலாளரும் கோப்போடு ஏறினார். உச்சியை அடைந்து மூச்சு வாங்கி முடித்ததும், பெரிய பேட்டரியே இருக்கட்டும், நடுவில் சார்ஜும் போட்டுக்கொள்ளலாம் என்று சம்மதித்தார்.

கடைசி நடை தப்பியது. நிதானத்தின் படம் பலகையிலிருந்து இறங்கியது. நடைகளுக்கு நடுவே சார்ஜ் போட வேண்டியிருப்பதால் மேட்டு வண்டி நேரம் தவறக்கூடாது என்று அதைப் புயலிடம் கொடுத்தார்கள். நிதானத்துக்குச் சந்தையைச் சுற்றிவரும் சமதளத் தடம்.

முதல் வாரம், தன் வேலை முடிந்ததும் ரயில் நிலைய நிறுத்தத்தில் அக்காவுக்காகக் காத்திருந்தார். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"எப்படிக்கா இருக்கு புது வண்டி?"

"நல்லாத்தான் இருக்குடா. சத்தமே இல்ல, வேகமா வந்துடுது." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். "உன் வண்டின்னா இறங்குறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடுவேன். டயாலிசிஸ் பண்ணின வலி தெரியாது. இதுல கண்ணை மூடுறதுக்குள்ள இறங்குன்னு சொல்றான்."

அவர் வண்டி ஓட்டியதைப் பற்றி இதுவரை யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பையை வாங்கிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தார். அழுவதை அக்கா பார்க்க வேண்டாம் என்றுதான்.